காலுக்கு வெளிச்சம் போதும், மாப்ளே!

லட்சம் லட்சமாக் கொட்டி வீடு கட்டினப்போ கொத்தனாரு யாரு, கம்பி எத்தனை டன்னுன்னு இந்தச் சின்ன மாமனாரை ஒரு வார்த்தை கேக்கல நீங்க. அது போகட்டும். இப்போ ராத்திரி எரியிற சின்ன விளக்கு, அதுவும் தானா எரிஞ்சு தானா அணையிற விளக்கு எதை வாங்கலாம்னு கேக்கறதுக்கு மதுரையில இருந்து பஸ் ஏறி வந்திருக்கீக பாருங்க, அங்கதான் மாப்ளே நீங்க நிக்கிறீக. லட்சத்துக்கு யோசிக்காதவுக நூத்துக்கு யோசிக்கிறீக. எங்க அண்ணன் நல்ல இடமாத்தான் பாத்துப் பொண்ணைக் குடுத்திருக்காரு.

நான் படிச்சவன் இல்ல. மின்வாரியத்துல வயர்மேனா இருந்து, இடுப்புல கயிறும் கையில கட்டிங் பிளேயருமாக் கம்பம் ஏறினவன். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவுக. ஆனாலும் கேட்டுட்டீக. கேட்ட பாவத்துக்கு முழுசாக் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். காப்பி வருது, உக்காருங்க.

போன்ல ஒரு லிஸ்டு காட்டுனீகளே, அதை நானும் பாத்தேன். நிலா உருண்டை ஒண்ணு. ஏழு கலர் மாறுறது ஒண்ணு. போன்ல பேசினா எரியிறது ஒண்ணு. கைத்தட்டினா எரியிறது ஒண்ணு. அந்தக் கைத்தட்டுற விளக்கு மட்டும் வேண்டாம் மாப்ளே. நடுச்சாமத்துல நீங்க எந்திரிச்சு உக்காந்து பட்டுபட்டுன்னு கைத்தட்ட, பக்கத்துல படுத்திருக்கிற நம்ம புள்ள என்னமோ ஏதோன்னு திருநீறு தேட, எதுக்கு அந்த வம்பு?

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ராத்திரி விளக்குக்கு என்ன வேலை? தூக்கத்துல எந்திரிச்ச மனுசன் கட்டில் கால்ல சுண்டு விரலை இடிச்சுக்காம, நிலைப்படி தடுக்காம பாத்ரூமுக்குப் போயிட்டு வரணும். அம்புட்டுத்தான். கண்ணுக்கு வெளிச்சம் வேணும்னா சுவத்துல டியூப் லைட்டு இருக்கு. இது காலுக்கு விளக்கு. இந்த ஒண்ணை மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டீகன்னா எந்தக் கடைக்காரனும் ஒங்க தலையில மிளகாய் அரைக்க முடியாது.

சரி, இப்போ ஒங்க வீட்டுல என்ன எரியுது? ஜீரோ வாட் பல்பு. பழைய வீட்டுல இருந்து பத்திரமாக் கழட்டிக் கொண்டாந்த பச்சைக் கலர் குண்டு பல்பு. "ஜீரோன்னு போட்டிருக்கு, இது கரண்டே இழுக்காது"ன்னு சம்பந்தியம்மா கிரகப்பிரவேசத்தன்னிக்கே சொன்னாக. சம்பந்தியம்மா சொன்னா நான் மறுத்துப் பேசலாமா? பேசல. ஆனா மீட்டர் மறுத்துப் பேசுது.

அந்தப் பல்பு 10-ல இருந்து 15 வாட் வரைக்கும் இழுக்கும் மாப்ளே. பின்ன ஏன் ஜீரோன்னு பேரு? பழைய மீட்டர்ல கண்ணாடிக்குள்ள ஒரு அலுமினியத் தட்டு சுத்தும், சின்ன வயசுல பாத்திருப்பீக. வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டு இந்தப் பல்பை மட்டும் போட்டா, அந்தத் தட்டு அசைஞ்சே குடுக்காது. மீட்டருக்குத் தெரியாம எரிஞ்சதால ஜீரோ. இப்போ மாட்டியிருக்கிறது எலக்ட்ரானிக் மீட்டர். அதுகிட்ட இந்த ஜம்பம் பலிக்காது.

கணக்குப் போடுவோம். 15 வாட் பல்பு ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் 8 மணி நேரம் எரிஞ்சா, வருசத்துக்கு ஏறக்குறைய 44 யூனிட். அது படுக்கையறைக் கணக்கு. அப்படியே சாமி ரூமுக்கு வாங்க. முருகன் படத்துக்கு முன்னால செவப்பு ஜீரோ பல்பு ஒண்ணு ராப்பகலா எரிஞ்சுக்கிட்டிருக்கு. 24 மணி நேரம், 365 நாள். 131 யூனிட். 2016-ல, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சப்போ ஊரே சந்தோசப்பட்டுச்சு. அந்த நூறுல 22-ஐ முருகன் பேரைச் சொல்லி அந்தப் பல்பு தின்னுருது. அவரு என்னைக்காவது ஒங்ககிட்டப் பல்பு கேட்டாரா? நல்லெண்ணெய் விளக்கோட நிம்மதியா இருந்த மனுசன் அவரு.

ஏழு யூனிட்டு, இருபது யூனிட்டெல்லாம் ஒரு காசான்னு கேப்பீக. ஏசி ஓடுற வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுங்கிறது ஒரு எல்லைக்கோடு மாப்ளே. அதைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது. கீழ கிடக்கிற யூனிட்டுலயும் சிலதுக்கு ஏறும். 495-ல நிக்க வேண்டிய பில்லைப் புடிச்சு 502-க்குத் தள்ளிவிட்டுட்டு, ஒண்ணும் தெரியாத புள்ளையாட்டம் பச்சைக் கலர்ல முழிச்சுக்கிட்டிருக்கும் அந்த ஜீரோ.

அதே ஹோல்டர்ல அரை வாட் எல்.இ.டி. பல்பைப் போடுங்க. அதே 8 மணி நேரம். வருசத்துக்கு ஒண்ணரை யூனிட். 44 எங்க, ஒண்ணரை எங்க? காலுக்கு வேண்டிய வெளிச்சம் ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கு மேல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல.

இனி நீங்க கேட்ட ஆட்டமேட்டிக் சங்கதிக்கு வர்றேன். காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க, இது விளக்குக் கடைக்காரன் காதுல விழக் கூடாது.

இருட்டினா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும், அதனால கரண்டு மிச்சம்னு அட்டைப் பெட்டியில கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அது ஒங்களைக் கேட்டா எரியுது? இருட்டைக் கேட்டு எரியுது. நம்ம ஊருல ராத்திரிங்கிறது ஏறக்குறைய 12 மணி நேரம். நீங்க ஹால்ல உக்காந்து கிரிக்கெட் பாத்துக்கிட்டிருக்கும்போதே ஆளில்லாத படுக்கையறையில அது சாயங்காலத்துல இருந்து எரிஞ்சுக்கிட்டிருக்கும். வருசக் கடைசியில பாத்தா 2.2 யூனிட். படுக்கும்போது போட்டு எந்திரிக்கும்போது அணைக்கிற ஒழுங்கான ஆளுக்கு ஒண்ணரை யூனிட்டுதான். ஆக, மனுசன் விரலு சென்சாரை ஜெயிச்சிருச்சு.

அப்போ சென்சாரு யாருக்கு லாபம்? போட்டதை அணைக்க மறக்குற மகாராசாவுக்கு. நான் யாரையும் பாத்துச் சொல்லல, காப்பி ஆறுது குடிங்க. ராப்பகலா எரியவிட்டா அந்த அரை வாட் பல்பு வருசத்துக்கு 4.4 யூனிட் எடுக்கும். சென்சாரு வச்சா அதுல பாதி மிச்சம். யூனிட்டு 5 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். வருசத்துக்கு 11 ரூபா. விளக்கு 200 ரூபான்னு வையுங்க. போட்ட காசு திரும்பி வர 18 வருசம். இப்போ நம்ம புள்ள வயித்துல இருக்கிறது காலேஜுக்கு அப்ளிகேசன் போடுறப்போ ஒங்களுக்கு லாபம் ஆரம்பிக்கும். அந்த விளக்கு அதுவரைக்கும் உசுரோட இருந்தா.

உடனே மூஞ்சியைத் தொங்கப் போட வேண்டாம். ஆட்டமேட்டிக்கு வேண்டாம்னு நான் சொல்லல. வேணும்கிறேன். ஆனா காரணம் கரண்டு இல்ல. சம்பந்தியம்மாவுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறாக. இருட்டுல ஸ்விட்ச் போர்டு எங்கன்னு சுவத்தைத் தடவிக்கிட்டே வரும்போது புது டைல்ஸ்ல கால் வழுக்குச்சுன்னா? இடுப்பு எலும்பு ஒடிஞ்சா ஆஸ்பத்திரியில யூனிட்டுக்கு அஞ்சு ரூபான்னா பில்லு போடுவான்? கரண்டை மிச்சம் பண்றது எல்.இ.டி. எலும்பை மிச்சம் பண்றது சென்சாரு. ரெண்டையும் குழப்பிக்காம வாங்குங்க.

தானா எரியிற விளக்குல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு வெளிச்சத்தைப் பாக்கிறது, இன்னொண்ணு ஆளைப் பாக்கிறது.

வெளிச்சத்தைப் பாக்கிற விளக்கு ஒண்ணு எங்கிட்டயே இருக்கு, இந்தா பாருங்க. சுவிட்ச் போர்டுல நேராக் குத்துறது. அந்த மூலையில பொட்டு அளவுக்கு ஒரு வட்டம் தெரியுதா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. மேல சேமியாவை மடக்கி மடக்கிப் போட்ட மாதிரி ஒரு செவப்புக் கோடு ஓடுதா? அதுக்குப் பேரு எல்.டி.ஆர். காட்மியம் சல்ஃபைடுங்கிற சரக்கைப் பூசியிருப்பான். வெளிச்சம் பட்டா அதோட தடை சில ஆயிரம் ஓமுக்கு இறங்கிரும். இருட்டுல பத்து லட்சம் ஓமைத் தாண்டிப் போகும். அந்த ஏத்த இறக்கத்தைப் பாத்து உள்ள இருக்கிற டிரான்சிஸ்டரு விளக்கைப் போடுது, அணைக்குது. கட்டை விரலால அந்தப் பொட்டை மூடுங்க. எரிஞ்சுச்சா? எடுங்க. அணைஞ்சுச்சா? கடையிலயே இதைச் செஞ்சு பாத்துட்டுத்தான் காசை எடுக்கணும். எடுத்த விரலை மறுபடி மெல்ல மெல்லக் கொண்டு போங்க. பாதி இருட்டுல பளிச்பளிச்சுன்னு கண்ணடிச்சா அதைக் கடையிலயே வச்சுட்டு வந்துருங்க. வீட்டுல ஒரு ஆளு கண்ணடிச்சாப் போதும்.

இதை மாட்டுற இடத்துலதான் முக்கால்வாசிப் பேரு கோட்டை விடுறாக. ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா, தெருவிளக்கு வெளிச்சம் பட்டு, இன்னும் விடியலன்னு தெரியாம அணைஞ்சே கிடக்கும். டி.வி.க்கு எதிர்ல மாட்டினா, டி.வி.யில வெளிச்சமான சீன் வந்தா அணையும், இருட்டுச் சீன் வந்தா எரியும். பேய்ப் படம் பாக்கிறவுகளுக்கு அது வசதி. பக்கத்துல வெள்ளைச் சுவரு, கண்ணாடி பீரோ இருந்தாலும் வம்புதான். தன் வெளிச்சமே திரும்பி வந்து தன் கண்ணுல பட்டு, விடிஞ்சிருச்சுன்னு அணையும். அணைஞ்சதும் இருட்டிருச்சுன்னு எரியும். ராத்திரி பூரா அதுக்கு அதே பொழப்பு.

ரெண்டாவது ஜாதி ஆளைப் பாக்கிறது. மோசன் சென்சாருன்னு சொல்லுவாக. பாதி வெட்டின பந்து கணக்கா முன்னாடி பால் கலர் பிளாஸ்டிக்கு துருத்திக்கிட்டிருக்கும். அது ஒங்க முகத்தைப் பாக்கல, பயப்படாதீக. ஒடம்புச் சூட்டைத்தான் பாக்குது. சூடான ஒண்ணு ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தா விளக்கைப் போடும். அரை நிமிசமோ ஒரு நிமிசமோ எரிஞ்சுட்டுத் தானா அணையும். ராத்திரிக்கு ரெண்டு மூணு தடவை எரிஞ்சா அதிகம். எரியிறதுக்கு ஆகிற செலவை விட, விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் காவல் காக்கிறதுக்குத்தான் அது கரண்டு தின்னும். அதுவும் சொற்பம்தான்.

ஆனா இந்தக் காவக்காரனுக்குச் சில குணம் இருக்கு. குறுக்க நடந்தா டக்குன்னு புடிப்பான். அவனைப் பாத்து நேரா நடந்து போனா கிட்டப் போறவரைக்கும் கண்டுக்க மாட்டான். அதனால நடைபாதைக்கு எதிர்ல வைக்காதீக, பக்கவாட்டுச் சுவத்துல வையுங்க. நடுவுல கண்ணாடிக் கதவு இருந்தா அதுக்கு அந்தப் பக்கம் யாரு நடந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஒடம்புச் சூடு சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது. பூனை போனாலும் எரிவான். ஏசிக் காத்து நேரா அடிச்சாலும் சில சமயம் எரிவான். பாத்ரூமுக்குள்ள வச்சுட்டு நீங்க போனைப் பாத்துக்கிட்டு அசையாம உக்காந்திருந்தீகன்னா, ஆளே இல்லன்னு அணைச்சுட்டுப் போயிருவான். அப்புறம் இருட்டுல கையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்தக் கோலத்தை நான் கற்பனை பண்ணிப் பாக்கல, நீங்களும் பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்குன்னே உள்ளது. அவன் பாக்கிறது சூட்டு வித்தியாசத்தை. மார்கழியில ரூமு 22 டிகிரி, ஒடம்பு 37. பளிச்சுன்னு தெரியும். கத்திரி வெயில்ல ரூமே 36 டிகிரியில வெந்துக்கிட்டிருந்தா, அவனுக்கு ஒடம்பு எது, சுவரு எதுன்னு பிரிச்சுப் பாக்கக் கஷ்டம். சித்திரை மாசம் விளக்கு மக்கர் பண்ணுதுன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போகாதீக. வெயிலோட போடுங்க சண்டையை.

கட்டிலைப் பாத்து இந்த விளக்கை வைக்கவே வைக்காதீக. நீங்க பொரண்டு படுத்தா எரியும், நம்ம புள்ள பொரண்டு படுத்தா எரியும். கட்டிலுக்குக் கீழ, கணுக்கால் உயரத்துல வையுங்க. காலைத் தரையில வச்சாத்தான் எரியணும். இது காலுக்கு விளக்குன்னு முதல்லயே சொன்னேனா இல்லையா?

அடுத்தது கலரு. "வெள்ளை வெளேர்னு இருந்தாத்தானே மாமா புது வீட்டுக்கு அழகு"ன்னு சொல்லுவீக. கேளுங்க. எம் பேத்தி நர்சிங் படிக்கிறா, அவதான் சொன்னா. நம்ம கண்ணுக்குள்ள பாக்கிறதுக்குன்னு இருக்கிற செல்லு போக, இப்போ பகலா ராத்திரியான்னு மூளைக்குச் சேதி சொல்றதுக்குன்னே தனியா சில செல்லு இருக்காம். அதுக நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மசியுமாம். நீலம் பட்டா, தூக்கத்தைக் கூட்டிக்கிட்டு வர்ற மெலடோனின் சுரக்கிறது குறைஞ்சு போகும். வெள்ளை எல்.இ.டி.க்குள்ள ஏது நீலம்னு கேப்பீக. வெள்ளை எல்.இ.டி.யே அடியில நீலம்தான் மாப்ளே. நீலச் சில்லு மேல மஞ்சள் சரக்கைப் பூசித்தான் வெள்ளை ஆக்குறான். அந்த நீலத்தைக் கொண்டு வந்ததுக்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரான்னு மூணு பேருக்கு 2014-ல நோபல் பரிசு குடுத்தாக. அவுக கண்டுபிடிச்சது உலகத்துக்கே வெளிச்சம் குடுக்கிறதுக்கு. ஒங்க தூக்கத்தைக் கெடுக்கிறதுக்கு இல்ல.

அதனால அட்டையில 6500 கே-ன்னு போட்டிருந்தா தள்ளி வையுங்க. 2700 கே, இல்ல அதுக்கும் கீழ, மஞ்சள் இல்லைனா செவப்பு ஆரஞ்சு. பூச்சியும் மஞ்சளுக்கு அவ்வளவா வராது. வெள்ளை விளக்கு வச்சா பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். புதுச் சுவத்துல பல்லி நின்னு ஒங்க பேச்சுக்கெல்லாம் உச்சுக்கொட்டிக்கிட்டிருக்கும். வீட்டுல ஒங்க பேச்சுக்கு அது ஒண்ணுதான் ஆமான்னு சொல்லுதுங்கிறதுக்காக அதை வளர்க்காதீக.

இப்போ பழைய வயர்மேனாப் பேசுறேன், விளையாட்டு இல்ல. குத்துற மாடல் விளக்குல விலை கம்மியான சரக்குக்குள்ள டிரான்ஸ்ஃபார்மரு எதுவும் இருக்காது. 230 வோல்ட்டை ஒரு கெபாசிட்டரை வச்சுக் குறைச்சு நேரா எல்.இ.டி.க்கு விட்டிருப்பான். அரை வாட்டுதானேன்னு தொடாதீக. உள்ள இருக்கிற ஒவ்வொரு கம்பியும் மெயின் லைனோட ஒட்டிக்கிட்டிருக்கு. மேல் மூடி வெடிச்சா ஃபெவிகுவிக் வச்சு ஒட்டாம தூக்கிப் போடுங்க. ஈரத் துணியால துடைக்காதீக. பாத்ரூமுக்குள்ள மாட்டாதீக, வெளிய கதவோரம் மாட்டினாலே போதும். பிளக்குல குத்தும்போது லொடலொடன்னு ஆடினா பொறி பறக்கும், பிளாஸ்டிக்கு உருகும். பல்பு மாடல்னா அட்டையில ஐ.எஸ். 16102-ங்கிற நம்பரு இருக்கான்னு பாருங்க. வீட்டுக்குப் போடுற எல்.இ.டி. பல்புக்குன்னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வச்சிருக்கிற நம்பரு அது.

ஹோல்டர்ல போட்ட எல்.இ.டி. பல்பு, ஸ்விட்சை அணைச்ச பிறகும் மங்கலா மினுக்கினா காத்து கருப்புன்னு பூசாரியைக் கூப்பிடாதீக. அந்த ஸ்விட்ச்சுல செவப்பு இண்டிகேட்டர் இருக்கான்னு பாருங்க. அது வழியாக் கசியிற துளிக் கரண்டே எல்.இ.டி.யை மினுக்க வைக்கும். இண்டிகேட்டரு இல்லைனா வயரிங்ல கோளாறா இருக்கலாம். ஸ்விட்ச்சுக்கு வர வேண்டிய ஃபேஸு நேரா பல்புக்குப் போயி, நியூட்ரல் ஸ்விட்ச்சுக்கு வந்திருக்கும். அது ஆபத்து. அணைச்ச பல்பைக் கழட்டப் போனாலும் கையில அடிக்கும். டெஸ்டர் வச்சுப் பாக்கத் தெரிஞ்ச எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாத்துங்க. வீடு கட்டும்போதே என்னைக் கேட்டிருக்கலாம், சரி விடுங்க.

பேட்டரி விளக்கு வாங்கினா கரண்டு பில்லே வராதேன்னு ஒரு யோசனை ஒங்க மண்டைக்குள்ள ஓடுது, முகத்துலயே தெரியுது. பென் டார்ச்சுக்குப் போடுற ஏஏ செல்லு ஒண்ணுல இருக்கிறது மூணரை வாட்-மணி அளவு. ஒரு யூனிட் சேர முந்நூறு செல்லுக்குக் கிட்டத்தட்ட வேணும். ஒரு செல்லு பத்து ரூபான்னு வச்சாலும் யூனிட்டு விலை மூவாயிரம் ரூபா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! பிளக்கு இல்லாத மாடிப்படிக்கு வேணும்னா, சார்ஜ் ஏத்துற மாடலா, ஆளைப் பாக்கிற ஜாதியா ஒண்ணு வாங்கி ஒட்டுங்க. பொத்தான் அளவு வட்டச் செல்லு போடுறது மட்டும் வீட்டுப் பக்கமே வரக் கூடாது. நாளைக்குப் பொறக்கப்போற குழந்தை தவழ்ந்து வந்து அதை எடுத்து முழுங்கிருச்சுன்னா, உணவுக்குழாயையே அரிச்சிரும். சிரிச்சுக்கிட்டே கேக்கிற விசயம் இல்ல அது.

கரண்டு போற வீட்டுக்கு இன்வெர்ட்டரு இருந்தா சரி. இல்லைனா, கரண்டு போனதும் உள்ள இருக்கிற பேட்டரியில எரியிற, பிளக்குல குத்துற மாடலும் வருது. விளக்கு ரொம்ப வேண்டிய நேரத்துல அணைஞ்சு போறது விளக்கே இல்ல.

அப்புறம் அந்தப் போன்ல பேசினா எரியிற வைஃபை பல்பு. அது அணைஞ்சிருக்கும்போதும் தூங்காது மாப்ளே. நீங்க எப்போ கூப்பிடுவீகன்னு காதைத் தீட்டிக்கிட்டு கால் வாட்டோ அரை வாட்டோ இழுத்துக்கிட்டே இருக்கும். நம்ம அரை வாட் விளக்கு எரிஞ்சு வேலை பாக்கிறதுக்கு வாங்குற கூலியை, அது சும்மா இருக்கிறதுக்கே வாங்குது. அப்படி ஒரு ஆளு எங்க ஆபீஸ்லயும் இருந்தாரு, பேரு வேண்டாம்.

முடிவாச் சொல்லிடுறேன், போன்லயே எழுதிக்கங்க. ஜீரோ பல்பு எல்லாத்தையும் இன்னிக்கே கழட்டணும், முருகன் முன்னால இருக்கிறதையும் சேத்து. ஒங்க படுக்கையறையில அரை வாட் மஞ்சள் எல்.இ.டி., ஸ்விட்ச்சுல போட்டு ஸ்விட்ச்சுல அணைக்கிறது, அது போதும். சம்பந்தியம்மா ரூமுல இருந்து பாத்ரூம் வரைக்கும் வெளிச்சத்தைப் பாக்கிற சென்சாரு விளக்கு ரெண்டு, முழங்காலுக்குக் கீழ. மாடிப்படிக்கு ஆளைப் பாக்கிறது ஒண்ணு. எதுவும் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது. வாங்கும்போது கட்டை விரலை மறக்காதீக.

அதோட ஒருக்கா அண்ணாந்து பாருங்க. தலைக்கு மேல சுத்துதே அந்தப் பழைய ஃபேனு, 75 வாட். அதே 8 மணி நேரத்துக்கு வருசத்துல 219 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேனு 30 வாட் சொச்சத்துல அதே காத்தைத் தருது. கீழ அரை வாட்டுக்கு ஆராய்ச்சி பண்றவுக, மேல 75 வாட்டைக் கவனிக்காமப் படுத்திருக்கீக.

எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சு, ஒரு ரூமுல வருசத்துக்கு 42 யூனிட் மிச்சம் புடிக்கிறீகன்னு வையுங்க. அதை என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியும். நம்ம புள்ள எல்லாத்தையும் எங்ககிட்டச் சொல்லிருச்சு. சித்திரை மாசம் ஏசியை 18-ல வச்சுட்டு, குளுருதுன்னு ரெண்டு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறீகளாம். அஞ்சாறு ராத்திரியில அந்த 42-ம் காலி. புது ஏசியெல்லாம் போட்டதும் 24 டிகிரியில தொடங்கணும்னு 2020-ல இருந்தே விதி இருக்கு. விதியை எழுதினவுகளுக்கு ஒங்க கையில ரிமோட்டு இருக்கிறது தெரியாமப் போச்சு. விளக்கு வாங்கக் கிளம்புறதுக்கு முன்னால அந்த ரிமோட்டைச் சம்பந்தியம்மாகிட்டக் குடுத்துருங்க. அரை வாட் விளக்கால ஒங்க காலைத்தான் காப்பாத்த முடியும், ஒங்க கையைக் காப்பாத்த முடியாது.